இடக்காலும் வலக்காலும்

பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பிப் பக்கம் ராயிரநல்லூர் என்றொரு மலை. ஆண்டுதோறும் துலா மாதம் முதல் தேதியன்று, அதாவது நமக்கு ஐப்பசி பிறக்கும்போது, ஜனங்கள் திரளாக அதில் ஏறுகிறார்கள். எல்லாம் நாறாணத்துப் பிராந்தனின் நினைவாக. பெரும் பாறையை மலையுச்சிவரை உருட்டிக்கொண்டு போய், அங்கிருந்து கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்த 'பைத்தியக்கார' ஞானி அவர்.

ஒருநாள் இரவு சுடுகாட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவர் முன் காளி தோன்றினாள் என்கிறது கதை. வரம் கேள் என்றாளாம். ஆயுளில் ஒருநாள் கூட்டித் தா என்றார், முடியாது என்றாள். ஒருநாள் குறைத்துவிடு என்றார், அதுவும் முடியாது. அப்படியானால் இடக்காலில் இருக்கும் மந்து நோயை வலக்காலுக்கு மாற்றிவிட்டுப் போ என்றாராம். மந்து என்றால் யானைக்கால்.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கதை அல்ல. கேரளத்தின் 14 மாவட்டங்களில் யானைக்கால் நோய் வேரூன்றியவை 11. பாலக்காடு அதில் ஒன்று. தெற்கே தேயிலை மலைகள் நிறைந்த இடுக்கி அந்தப் பட்டியலில் இல்லை. சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு மலைக்குளிரைவிடச் சமவெளிதான் சொர்க்கம்.

கொசு கடித்தால் கால் ஏன் வீங்க வேண்டும்? இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தமனிகள் வழியே தள்ளுகிறது. தமனிகள் கிளைத்துக் கிளைத்து மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களாகின்றன. அங்கே ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. சத்துகள் அப்படித்தான் போய்ச் சேருகின்றன. பெரும்பாலான ரத்தம் சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பிவிடும். கசிந்த நீரில் நாளொன்றுக்குச் சில லிட்டர் திரும்புவதற்கென்றே தனிப்பாதை ஒன்று உண்டு. அதுதான் நிணநீர் மண்டலம்.

இந்தப் பாதைக்கு இதயம்போல் ஒரு பெரிய பம்பு கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து கொடுக்கிறது, மூச்சு இழுத்துக்கொள்கிறது. பின்னோக்கி வழியாமல் வால்வுகள் தடுக்கின்றன. வழியில் நிணநீர் முடிச்சுகள் கிருமிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டுகிறது' என்கிறோமே, அது இந்தக் காவல் வேலைதான். கடைசியில் கழுத்தடியில் உள்ள சிரைகளில் கலந்து நிணநீர் மீண்டும் ரத்தமாகிறது.

கொசு கொண்டுவரும் நூல்போன்ற புழு குடியேறுவது இந்தக் குழாய்களில். அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, லட்சக்கணக்கில் குஞ்சுகளை ரத்தத்தில் விடுகிறது. அந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் கண்டு 1872-ல் எழுதியவர் கல்கத்தாவில் பணியாற்றிய டிமதி லூயிஸ். குழாய் விரிந்து வால்வு கெட்டால் நீர் தேங்குகிறது. தோல் வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைந்து, குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வலிக்கிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கூடுகிறது.

கால் வீங்கினாலே யானைக்கால் என்று முடிவு கட்டவும் கூடாது. மூணாறு சரிவுகளில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்குச் சிரைகளில் ரத்தம் தேங்கிக் கால் கனக்கலாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானால் இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கலாம். எந்தக் குழாயில் கோளாறு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெட்கத்தில் சேலையைத் தாழ்த்திக் கட்டி மறைத்தால் தெரியாது.

2004-ல் மத்திய அரசு, நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை தரும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்ந்தது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கடும் நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. '2015-க்குள் ஒழிப்போம்' என்றார்கள். இப்போதைய கெடு 2027. "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை?" என்ற கேள்விதான் பெரிய முட்டுக்கட்டை. ஒன்றுமில்லாதபோதுதான் அது பயன்படும். புழு பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கும். வீங்கி இறுகிவிட்ட காலை மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது.

அப்படி வீங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம்போகத் துடைத்து, வெடிப்புக்கு மருந்து தடவி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தால் காய்ச்சல் குறைகிறது. வீக்கமும் கட்டுக்குள் நிற்கிறது. காசர்கோட்டில் 1999-ல் தொடங்கிய பயன்முறைத் தோலியல் நிறுவனம், ஆயுர்வேதத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைத்து இந்தப் பராமரிப்பைச் சொல்லித் தருகிறது.

பிராந்தன் கேட்டது விதியைக் கேலி செய்யும் வரம். அன்றைக்கு நோயை விரட்ட வழியில்லை, சிரிக்கத்தான் முடிந்தது. இன்று வாசலுக்கு வரும் சுகாதார ஊழியர் கையில் மாத்திரை இருக்கிறது. வாங்கிப் பரணில் போட்டுவிட்டு விதி என்று சொன்னால், பிராந்தன்கூடச் சிரிக்க மாட்டார்.