கையில் உள்ள வேலையைப் பறிக்காதீர்கள்

மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கியிருந்த ஓர் அம்மையாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை அளித்தேன். முதல் நாளில், "கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்றேன். எத்தனை நாள், எந்த அளவுக்கு என்று கூறவில்லை. மருந்தால் வீக்கம் வடிந்தது. ஆனால் நான்கு மாதம் கழித்து அவர் வந்தபோது விரல்களை முழுமையாக மடக்க இயலவில்லை. முகத்தில் பழைய தெளிவும் இல்லை. காரணத்தை உடன் வந்த மகள் சொன்னார். பேரக்குழந்தைக்கென்று பழைய நூல்புடவைகளை அடுக்கி அம்மா தைத்துவந்த போர்வையை, "டாக்டரம்மா ஓய்வெடுக்கச் சொன்னார்" என்று பரண்மேல் ஏற்றிவிட்டார்களாம். மகள் அன்பினால் அதைச் செய்தார். பிழை என்னுடையது. ஓய்வுக்கு எல்லை சொல்லாமல் அனுப்பியவள் நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து வலுப்பெற்றுள்ளது. நோயாளியின் கையில் இருக்கும் வேலையை நோயின் அளவுக்குக் குறைக்கலாம், மாற்றலாம், ஆனால் அடியோடு பறிக்கக் கூடாது.

துணிப்போர்வை தைப்பதை எடுத்துக்காட்டாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வங்காளத்தில் காந்தா என்றும் கர்நாடகத்தில் கவுதி என்றும் அழைக்கப்படும் இக்கலைக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. உடுத்தி நைந்த புடவை, ஊசி, நூல், ஓடுதையல் ஆகியவை போதும். சங்கராபுரத்திலும் கல்வராயன் மலை ஊர்களிலும் பழம்புடவை இல்லாத வீடு ஏது?

என் வீட்டிலும் மூன்று போர்வைகள் ஒரே சமயத்தில் வளர்கின்றன. ஒன்றுக்குத் துணிகளை நிறம்பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டாவதில் வெட்டிய துண்டுகளை இணைத்து வருகிறேன். மூன்றாவது, அடுக்குகளை ஒன்றாக்கும் கடைசித் தையலில் நிற்கிறது. பணி முடிந்து வந்தபின் கிடைப்பது கால் மணி நேரம். கடந்த ஓராண்டில் முழுமையாக முடிந்தது ஒன்றே ஒன்றுதான். "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாதா?" என்று வீட்டினர் கேட்பதுண்டு. நலமாக இருப்பவருக்கு அது நல்ல அறிவுரையாக இருக்கலாம். நீண்டகால நோயுடன் வாழ்பவருக்கோ பல வேலைகளை வெவ்வேறு நிலையில் வைத்திருப்பதே அறிவுடைமை என்பேன்.

ஏனெனில் நோயாளியின் வலிமை எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. கத்தரிக்கோலால் துணி வெட்டுவது கட்டைவிரல் மூட்டுக்குப் பெரும் சுமை. அது நல்ல நாளுக்குரியது. நேர்கோட்டில் ஓடுதையல் இடுவது நடுத்தரமான நாளுக்கு. ஊசியே பிடிக்க இயலாத நாளில் துணிகளை நிறம்பிரித்து மடித்து வைக்கலாம். ஒரே வேலை மட்டும் இருந்தால், அது இயலாத நாளில் கை ஓய்ந்துவிடும், மனமும் ஓய்ந்துவிடும். மூன்று வேலைகள் இருந்தால் எந்த நாளும் வெறும் நாளாகப் போவதில்லை.

மருத்துவமும் கைத்தையலும் ஒரே கூரையின்கீழ் வாழ இயலும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் உள்ளது சிட்டிலிங்கி. அங்கே மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். அந்தப் பணியின் ஒரு கிளையாகவே, மறைந்துகொண்டிருந்த லம்பாடிப் பூத்தையலை மூத்த பெண்களின் நினைவிலிருந்து மீட்டு இளையோர் கற்றனர். அந்தக் குழுவின் பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். உடல்நலம் மருந்துச்சீட்டோடு முடிவதில்லை என்பதை அந்தப் பள்ளத்தாக்கின் மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர்.

"உடம்புக்கு முடியாதவளை வேலை வாங்குகிறார்கள் என்று ஊரார் பேசுவார்களே" என்று பல குடும்பத்தினர் என்னிடம் அஞ்சுவதுண்டு. இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. விருப்பமில்லாதவர்மேல் வேலையைச் சுமத்துவது கொடுமைதான். ஆனால் விரும்பிச் செய்பவரிடமிருந்து அதைப் பிடுங்கி, "நீங்கள் சும்மா இருங்கள்" என்று ஒரு மூலையில் அமர்த்துவதும் கொடுமையே.

கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும் நாளில் ஊசி வேண்டாம். தைத்து முடித்து இரண்டு மணி நேரம் கடந்தும் வலி மிகுந்திருந்தால் மறுநாள் நேரத்தைக் குறையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் விரலுறை அணியுங்கள்; முடித்தபின் ஊசிகளை எண்ணி வையுங்கள். தரையில் விழுந்த ஓர் ஊசி, மரத்துப்போன பாதத்தில் ஏறினால் தெரியாமலே புண்ணாகும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இரத்தக்குழாய் இணைப்புள்ள கையின்மேல் கனமான போர்வையை வைக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களும் ஊசியைத் தொடுமுன் தம் மருத்துவரைக் கேளுங்கள். தையல் மருந்துக்கு மாற்று அன்று. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியை எடுக்காதீர்கள்.

அந்த அம்மையாரின் போர்வை மறுவாரமே பரணிலிருந்து இறங்கியது. தடித்த ஊசி, பெரிய தையல், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கினார். இயன்முறைப் பயிற்சியும் உடன் நடந்தது. விரல்கள் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த மாதங்களை என்னால் மீட்டுத் தர இயலவில்லை. ஆயினும் போர்வை முடிந்தது. பேரக்குழந்தை அதன்மேல் உறங்குகிறது.

அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது மருந்துச்சீட்டோடு மற்றொரு செய்தியையும் கொண்டுவாருங்கள். வீட்டில் நீங்கள் பாதியில் விட்ட வேலை என்ன? பூத்தொடுப்பதோ, கூடை முடைவதோ, போர்வையோ, எதுவாயினும் சொல்லுங்கள். நான் கேட்க மறந்தால் நீங்களே நினைவூட்டுங்கள். எவ்வளவு செய்யலாம் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.