“சொந்த விருப்பம்” யாருடைய விருப்பம்?

“என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.” இந்த ஒரு வரியைத் தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் எத்தனை தடவை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறோம்! ஐம்பத்தைந்தைத் தாண்டிய பால்வெட்டுத் தொழிலாளி நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு வருவார். மேசைமேல் தாள் தயாராக இருக்கும். கையெழுத்து விழுந்ததும் இருபது முப்பது ஆண்டு உழைப்பு முடிந்தது. துரையின் விருப்பம் அதில் இருக்கிறது. தொழிலாளியின் விருப்பம் எங்கே?

விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குப் போய், ஐந்நூறு அறுநூறு மரங்களில் குனிந்தும் அண்ணாந்தும் வெட்டி, மழை ஈரம் காயாத சரிவில் பால்வாளியோடு இறங்கும் உடம்பு அது. முழங்கால் தேய்ந்தால், இடுப்பு பிடித்துக்கொண்டால், “வயசாகிவிட்டது” என்கிறார்கள். வயதா தேய்த்தது? வேலையல்லவா தேய்த்தது!

நமது வட்டாரத் தோட்டமொன்றில் 57 வயது அம்மாள் ஒருவர் நிரையில் வழுக்கி விழுந்தார். பார்த்தவர்கள் இருவர். கிளினிக் புத்தகத்தில் ஏறியதோ “வீட்டில் விழுந்தது” என்று. விபத்தென்று எழுதினால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும், விசாரணை வரும். ஆகவே வீட்டில் விழ வைத்துவிட்டார்கள்! மூன்று மாதம் கழித்து, “முன்போல் வெட்ட முடியவில்லை” என்று அதே தாள் நீட்டப்பட்டது. அதை டைப் அடித்தவர் நம்மில் ஒருவர். வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

கணக்குப் போடுவது நமது தொழில், போட்டுப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டு வேலைநிறுத்தப் பலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவரை ஓய்வு வயதுக்குமுன் உடல்நலத்தைக் காட்டி நிர்வாகம் நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரவேண்டும். அந்த அம்மாள் உழைத்தது 24 ஆண்டு. ஆக, 480 நாள் சம்பளம். தாமாக விலகினாலோ இதில் ஒரு காசும் கிடையாது. டைப் அடித்த ஒரு வரியின் விலை அதுதான். வேலையில் பட்ட காயமென்று பதிவாகியிருந்தால் டாக்டர் கொடுத்த ஓய்வு நாட்களுக்கு நாட்கூலியில் 80 விழுக்காட்டைச் சொக்சோ கொடுத்திருக்கும். நிரந்தர ஊனமானால் அதற்குத் தனி. இனி வேலைக்கே ஆகாத உடம்பென்றால் 60 வயது நிறையுமுன் மனுப்போட்டு இயலாமைப் பென்ஷன் கேட்கலாம்.

“55இல் சேமநிதிப் பணம் வருகிறதே, பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே” என்று பரிவாகப் பேசுகிறார்கள். சேமநிதி என்ன நிர்வாகம் போட்ட பிச்சையா? அவர் சம்பளத்தில் பிடித்ததும், சட்டப்படி முதலாளி கட்டியதும் அவர் பணம். தனியார் துறையிலும் 60 வயதுக்குமுன் ஓய்வு கொடுத்து அனுப்பக்கூடாதென்ற சட்டம் 2013 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்துவிட்டது. அதனால்தான் “ஓய்வு” என்று எழுதாமல் “விருப்பம்” என்று எழுதச் சொல்கிறார்கள். வேலை போன கையோடு லயத்து வீட்டுச் சாவியையும் கேட்பார்கள். அப்போது பேரப்பிள்ளைகளோடு எங்கே இருப்பதாம்? நாற்றங்காலிலோ ஸ்டோரிலோ இலேசான வேலை கொடுக்க இடமா இல்லை?

தோழர்களே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலமோ மலாயோ, படித்துச் சொல்லச் சங்கத்தில் ஆள் இருக்கிறது. சிறு காயமானாலும் அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று நின்று பாருங்கள். மிரட்டி வாங்கிய கடிதமானால் அது வேலைநீக்கமே என்று தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். அதற்குத் தவணை 60 நாள்தான்.

அந்த அம்மாள் கையெழுத்திட்டு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவர் “வீட்டில் விழுந்த” தேதியில் செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே வேலைநாள் குறித்திருக்கிறது. வெட்டிய நிரையின் எண்ணும் இருக்கிறது. சாட்சிகள் இருவரும் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடிதத்தை டைப் அடித்த கிராணியும் நடந்ததைச் சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.