விண்ணப்பத்திற்கு முன் ஒரு வினா

"எம். ஏ. முடியப் போகிறது, அடுத்து என்ன?" என்று கேட்டால், உளநூல் பயிலும் நம் தமிழ் மாணவர் பலர், "டாக்டர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று விடை பகர்கின்றனர். மகிழ்ச்சி. "எதை ஆராயப் போகிறீர்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் பேச்சுத் தடுமாறுகிறது. "முதலில் இடம் கிடைக்கட்டும், பொருளை வழிகாட்டி ஆசிரியர் சொல்வார்" என்கின்றனர். மணப்பெண் யாரென்று அறியாமலே பந்தக்கால் நட்ட கதை இது!

இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் வினா; பிறகு ஆசிரியர்; அதன் பிறகே பல்கலைக் கழகம். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக நடத்துகிறோம். அதற்கு நாம் கொடுக்கும் விலை இளமை.

அந்த விலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பல்கலைக் கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, இந்த ஆராய்ச்சிக்குக் குறைந்த காலம் 3 ஆண்டு. மிகுந்த காலம் 6 ஆண்டு. மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் 2 ஆண்டு நீளலாம். இருபத்து மூன்று வயதில் நுழைபவர் முப்பதில் வெளியே வருகிறார். அதற்குள் வீட்டில் தங்கைக்குத் திருமணப் பேச்சு வரும். தந்தையாருக்கு ஓய்வு வரும். இத்தனைக்கும் நடுவே ஒருவரை நூலகத்தில் நிலைத்து உட்கார வைப்பது எது? பிறர் கொடுத்த தலைப்பு அன்று. தன் நெஞ்சை அரித்துக் கொண்டிருக்கும் வினா ஒன்றே அதைச் செய்யும்.

"இவை ஏட்டுச் சுரைக்காய். முதலில் நெட் தேர்வில் வெல்ல வேண்டும், உதவித் தொகை வர வேண்டும், வயிறு நிரம்பினால் வினா தானே வரும்" என்று நண்பர் சிலர் வாதிடலாம். அவ்வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஜே. ஆர். எஃப். பெற்றவருக்கு 2023ஆம் ஆண்டு முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது சிறு தொகை அன்று. தேர்வுக்கு உழையுங்கள், நன்றாக உழையுங்கள்.

ஆனால் தேர்வு எந்த வாயில் வரை நம்மைக் கொண்டு சேர்க்கிறது என்பதையும் அறிந்து கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டு மானியக் குழு ஒரு மாற்றம் செய்தது. அதன்படி, நெட் தேர்வில் முனைவர் சேர்க்கைக்குத் தகுதி பெற்றவருக்கு அத்தேர்வு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என்று எடை போடப்படுகிறது. எல்லாருக்கும் மேலாக ஜே. ஆர். எஃப். பெற்றவர்களுக்கோ, சேர்க்கை நேர்முகத் தேர்வைக் கொண்டே முடிவாகிறது! ஆக, மிகுந்த மதிப்பெண் வாங்கியவரே, "எதை ஆராயப் போகிறாய்?" என்ற கேள்விக்கு மிகுதியும் விடை சொல்ல வேண்டியவர் ஆகிறார்.

அந்த அறையில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் மறைபொருள் அன்று. 2016ஆம் ஆண்டு விதிகள் மூன்றைக் குறிப்பிட்டன: இந்த ஆராய்ச்சியைச் செய்யும் ஆற்றல் இவருக்கு உண்டா? இதனை இந்த இடத்தில் செய்ய இயலுமா? இதனால் அறிவுக்குப் புதிதாக ஏதேனும் சேருமா? வினா இல்லாமல் வருபவர் இம்மூன்றில் எதற்கும் விடை கூற முடியாது.

சரி, வினா எங்கே கிடைக்கும்? அயல்நாட்டு ஏடுகளைப் புரட்டி, அங்கே செய்த ஆராய்ச்சியை இங்கே நம் வகுப்புத் தோழர் இருநூறு பேரிடம் மீண்டும் செய்து பார்ப்பதே பலருக்குத் தெரிந்த வழி. நம் நாட்டு உளநூல் வரலாறோ வேறு வழியையும் காட்டுகிறது.

1934ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பீகாரைப் பெரு நிலநடுக்கம் குலைத்தது. அதையடுத்து, இதைவிடக் கொடிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஊரெங்கும் பரவின. பாட்னாவிலிருந்த ஜமுனா பிரசாத் அந்த வதந்திகளைத் திரட்டினார். அச்சத்தில் இருக்கும் மக்கள் அச்சத்தைப் பெருக்கும் செய்தியையே நம்பிப் பரப்புவது ஏன் என்ற புதிர் அதில் இருந்தது. அவர் கட்டுரை 1935இல் ஆங்கில நாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அமெரிக்க அறிஞர் லியான் ஃபெஸ்டிங்கர் அப்புதிரோடு போராடினார். கொண்ட உணர்ச்சிக்கு ஏற்ற காரணத்தை மனம் தானே தேடிக்கொள்கிறது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1957இல் அவர் வெளியிட்ட எண்ண முரண்பாட்டுக் கொள்கைக்கு அதுவே வித்து. இன்று உலகெங்கும் முதலாண்டு மாணவரும் அக்கொள்கையைப் படிக்கின்றனர். அதன் வேர் பீகார் மண்ணில் இருப்பதை எத்தனை பேர் அறிவர்?

பிரசாத்திடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. தம்மைச் சுற்றி மக்கள் பேசியது அவர் காதில் விழுந்தது. அதை அவர் பொருட்படுத்தினார். அவ்வளவே!

அக்காது நமக்கு இன்று இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அமெரிக்க உளநூல் சங்கத்தின் ஆறு ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் கணக்கெடுத்து 2008இல் வெளியிட்டார். ஆராயப்பட்டவர்களில் நூற்றுக்கு 68 பங்கினர் அமெரிக்கர். உலக மக்களிலோ அமெரிக்கர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! மனித மனம் என்று நாம் படிப்பதில் நம் பாட்டியின் மனம் இடம்பெறவே இல்லை என்பதுதானே இதன் பொருள்?

இங்கேதான் தமிழ் மாணவரின் கைம்முதல் இருக்கிறது. நெட் தேர்வின் உளநூல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் தேர்வுக்கூடத்தில் நமக்குத் துணை வராத அதே மொழி, ஆராய்ச்சிக் களத்தில் நமக்குப் பெருந்துணை.

ஓர் எடுத்துக்காட்டு. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படுவது பி. எச். க்யூ. 9 என்னும் ஒன்பது வினாப் பட்டியல். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மனச்சோர்வு என்ற சொல்லையே சொல்ல மாட்டார். "நெஞ்சு பாரமா இருக்கு", "எதிலேயும் பிடிப்பு இல்லே", "உடம்பெல்லாம் அசதி" என்பார். அவர் சொல்லுக்கும் பட்டியலின் சொல்லுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? அத்தொலைவில் நோய் தப்பிப் போகிறதா? "இளைஞரின் மன அழுத்தம்" என்பது தலைப்பு. நான் மேலே கேட்டது வினா. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர் பாதி விண்ணப்பத்தை எழுதி முடித்தவர்.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. 2015-16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உற்றவர்களில் நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டது. அவர்களில் எத்தனை பேர் தம் துன்பத்தைச் சொல்லியும் கேட்பவருக்கு விளங்காமல் போனவர்?

இன்னொன்று. மும்பைத் தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மற்றொரு மொழியும் பேசக்கூடும். அதன் அறிவுத் திறனை எந்த மொழியில் அளப்பது? வி. வி. காமத் 1930களிலேயே பினே தேர்வைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. தமிழர் தமிழரை மட்டுமே ஆராய வேண்டும் என்பது என் கருத்தன்று. நாம் நன்கு அறிந்த வாழ்விலிருந்து தொடங்கினால் உலகத்திற்கும் ஏதேனும் கொடுக்கலாம் என்கிறேன்.

வினா பிறந்துவிட்டால் மற்றவை எளிதாகும். அவ்வினாவுக்கு அருகில் உழைக்கும் ஆசிரியர் யாவர் என்று தேடுங்கள். பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்குமே வழிகாட்டலாம். ஆகவே புகழ்பெற்றவரிடம் இடம் இல்லாதிருக்கலாம். புதிதாக வந்த இளம் ஆசிரியரிடம் இருக்கலாம். அவருடைய கட்டுரை இரண்டையேனும் படித்து, உங்கள் வினாவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். இருபது பேருக்கு ஒரே மடலைப் படியெடுத்து அனுப்பினால், இருபது பேரும் அதைக் கண்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்வர்.

ஒரு மயக்கத்தையும் தெளிவித்துவிட வேண்டும். "டாக்டர் பட்டம் பெற்று, மனம் நொந்தவர்க்கு மருத்துவம் செய்வேன்" என்று நம்புவோர் உளர். நல்ல எண்ணம்; வழிதான் வேறு. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தனிப் பயிற்சியைக் கேட்கிறது. ஆராய்ச்சிப் பட்டம் மட்டும் அவ்வுரிமையைத் தராது. அப்பயிற்சிக்கு நெடுங்காலம் வாயிலாக இருந்த எம். ஃபில். பட்டத்தை 2022 விதிகள் நிறுத்தின. இத்துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளிக்கப்பட்டது. வழி மாறிவரும் காலம் இது. சேரும் ஆண்டில் எந்தப் படிப்பு ஏற்கப்பட்டுள்ளது என்று பட்டியலைப் பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள். நோயாளிக்கு அருகில் அமர விரும்புபவர் ஆராய்ச்சிக்கு வந்து ஆறாண்டு ஏங்க வேண்டாம்.

நண்பர்களே! விண்ணப்பப் படிவம் நம் பெயரையும் மதிப்பெண்ணையும் கேட்கும்; அவற்றை ஒரு மாலைப் பொழுதில் நிரப்பிவிடலாம். அதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எனக்கு விடை தெரியாதது, ஒருவருக்கும் இன்னும் சரியாக விடை தெரியாதது, தெரிந்தே ஆக வேண்டியது என்று நீங்கள் எண்ணும் ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையானால் இன்னும் ஓராண்டு படியுங்கள், வேலை பாருங்கள், மக்களிடையே பழகுங்கள். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஓராண்டு காத்திருப்பது, வினாவின்றி ஆறாண்டு காத்திருப்பதினும் நன்று.