கடல் தெய்வமும் சுறவுக் கொம்பும்

மலையடி ஊராகிய பண்ணைப்புரத்துப் பிள்ளைகட்குக் கடல் ஏட்டிலே காண்பதுதான். நெய்தலுக்குத் தெய்வம் வருணன் என உருப்போடுவர். பாடமும் அத்துடன் முடியும். அப்பெயர் வடவர் மறையினின்று வந்ததென்பார் ஒருசாரார். வாரணன் என்னுந் தமிழ்ச்சொல்லின் திரிபே அஃதென்றார் மொழிஞாயிறு பாவாணர். பெயர்வழக்கு ஒருபுறம் இருக்க, பழந்தமிழ்ப் பரதவர் கடலில் கண்ட தெய்வந்தான் யாது?

பட்டினப்பாலையைப் புரட்டுக. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் வேட்டம் ஒழிந்தனர். சினைச்சுறவின் கொம்பை மனைக்கண் நட்டு, வலிய தெய்வத்தை அதில் ஏற்றினர். தாழைமலர் சூடிக் கள்ளுண்டு களித்தனர். இடைநின்று ஓதுவான் ஒருவனும் ஆங்கில்லை; அறியாமொழியும் இல்லை. எக்கடல் தம்மைக் கொல்லவும் காக்கவும் வல்லதோ, அக்கடலின் உயிரொன்றே அவர்க்குக் குறியாயிற்று. அதுவுங் கருவுற்ற தாயுயிர்! வேல் நட்டு முருகனைத் தொழும் மலையடியார்க்கு இவ்வழிபாடு அயலாமோ? இதனையன்றோ அப்பிள்ளைகட்கு முதற்கண் சொல்லல் வேண்டும்!

அக்கொம்பு, வாள்போல் நீண்ட மூக்குடைய வேளாமீனுடையதாதல் கூடும். பெயர்க்கு வழக்காடுவார் வழக்காடிக்கொண்டிருக்க, அம்மீனோ வலையிற் பட்டுப்பட்டு அருகிற்று. பிடித்தலே குற்றமென 2001-இல் நடுவணரசு தடுத்த உயிர்களுள் அதுவும் ஒன்றாயிற்று.