லாரி தானாகவே பிரேக் போடுமா? புதிய பாதுகாப்பு விதி எதை மாற்றும், எதை மாற்றாது?

சேலத்தில் இருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44. அதிகாலை 3 மணி. ஆண்டகளூர்கேட் தாண்டி புதுச்சத்திரத்தை நெருங்கும் லாரி டிரைவருக்குக் கண் சொக்குகிறது. முன்னால் டயர் பஞ்சராகி ஒரு லாரி நிற்கிறது. அதன் பின்பக்க விளக்கு எரியவில்லை.

80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் சுதாரிக்க ஒன்றரை நொடி ஆனால், பிரேக்கில் கால் வைக்கும் முன்பே 33 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலையே ஆரம்பம்.

இப்படிப் பின்னால் இருந்து மோதுவதுதான் நம் சாலைகளில் அதிகம் நடக்கும் விபத்து. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்த வகை. அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

அரசு என்ன சொல்கிறது?

2025 மார்ச்சில் அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. லாரி, பஸ்களில் மூன்று முக்கிய வசதிகள் கட்டாயம் என்றது: தானியங்கி அவசர பிரேக், டிரைவர் தூக்க எச்சரிக்கை, லேன் மாறினால் எச்சரிக்கை. புதிய மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2026 அக்டோபர் என்று அந்த வரைவு கெடு முன்மொழிந்தது. ஐரோப்பாவில் கனரக வாகனங்களுக்கு அவசர பிரேக் 2013-ல் இருந்தே படிப்படியாகக் கட்டாயமானது.

எப்படி வேலை செய்கிறது?

முன்பக்க பம்பர் பகுதியில் ராடார், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. முன்னால் இருக்கும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் இவை கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். மோதப்போகிறது என்றால் முதலில் சத்தம், விளக்கு. டிரைவர் கண்டுகொள்ளாவிட்டால் வண்டி தானாகவே பிரேக் பிடிக்கும்.

முழுசா நிற்காவிட்டாலும் பலன் உண்டு. வேகம் 80-ல் இருந்து 40 ஆகக் குறைந்தால், மோதலின் ஆற்றல் பாதி அல்ல, கால் பங்காகிவிடும். முன்னால் போகும் காரில் குடும்பம் இருந்தால் இது உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வித்தியாசம்.

ஏபிஎஸ் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. கனரக வாகனங்களுக்கு 2015-லேயே கட்டாயமான ஏபிஎஸ், பிரேக் அடித்த பிறகு சக்கரம் லாக் ஆகி வண்டி இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை அடிக்க வேண்டியது டிரைவர்தான். அவர் தூங்கிவிட்டால் ஏபிஎஸ்ஸால் பயன் இல்லை.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. முதல் காரணம், விதி புதிய வண்டிகளுக்குத்தான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரித் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில் ஒரு லாரி பல கை மாறி, பல வருஷம் ஓடும். முட்டை லோடு, எல்பிஜி டேங்கர், ரிக் வண்டி என இன்று ரோட்டில் இருப்பவற்றுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, பராமரிப்பு. பம்பரில் கூடுதல் இரும்பு கார்டு அடித்தால் ராடார் மறையலாம். கண்ணாடியில் தொங்கும் மாலை, ஒட்டிய ஸ்டிக்கர், சேறு எல்லாமே கேமராவின் பார்வையைக் கெடுக்கும். கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி சரியாக அமைக்க வேண்டும். தேய்ந்த பிரேக், வழுக்கை டயர், ஓவர்லோடு என்றால் கம்ப்யூட்டர் சொன்னாலும் வண்டி நிற்காது.

மூன்றாவது, நம் சாலை. ஓரத்தில் அசையாமல் நிற்கும் வண்டியை, பாலம், போர்டு, தடுப்புக் கம்பி ஆகியவற்றில் இருந்து பிரித்து அறிவது ராடாருக்குச் சிரமமான வேலை. எதிர்த்திசையில் வரும் மொபட், திடீரென்று குறுக்கே வரும் மாடு ஆகியவையும் சவால்தான். எனவே நிற்கும் லாரிக்குப் பின்னால் ஒளிரும் முக்கோணம், ஒட்டிய ரிஃப்ளெக்டர் பட்டை, எரியும் பின்விளக்கு ஆகியவற்றின் வேலையை எந்த சென்சாரும் எடுத்துக்கொள்ளாது.

தூக்கத்தை எச்சரிக்கும் கருவி தூங்க விடுமா?

முக்கியமான கேள்வி இதுதான். கருவி 'பீப்' அடிக்கும். ஆனால் விடியும் முன் லோடு இறங்க வேண்டும், டிரிப்புக்குத்தான் சம்பளம் என்றால் டிரைவர் என்ன செய்வார்? ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டியரிங் பிடிப்பார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்துவிட்டது. புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏசி கேபினும் கட்டாயம். வெக்கையில் சோர்வதை அது குறைக்கும். ஓய்வுக்கு அது மாற்று ஆகாது.

கடைசி நொடியில் லாரியை நிறுத்த கருவி உதவும். அந்த நொடியே வராமல் தடுக்க, லாரியை ஓரங்கட்டத் தகுந்த இடமும், கூலி குறையாமல் தூங்க நேரமும் டிரைவருக்கு வேண்டும். முதல் வேலையை விதி பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, லோடு அனுப்புபவர், வண்டி உரிமையாளர், சாலையைப் பராமரிப்பவர் கையில் இருக்கிறது.