இடைநின்ற மொழிபெயர்ப்பாளர்

பேரரசர் இருவர் உடன்படிக்கை செய்தனர் என்று பாடநூலில் வாசிக்கின்றோம். ஒருவர் மொழி மற்றவர்க்கு எங்ஙனம் விளங்கிற்று என்று மாணாக்கர் கேட்பதில்லை. ஆசிரியராகிய நாமும் சொல்வதில்லை. அவ்வினாவையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டவர் பேராசிரியர் நத்தலி றொத்மன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 2006 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், ரொறன்ரோப் பல்கலைக் கழகத்தின் ஸ்காபறோ வளாகத்தில் சரித்திரம் கற்பிக்கலானார். நம்மவர் வீடுகளில் நாளும் அடிபடும் அதே ஸ்காபறோதான்.

வெனிஸ் குடியரசுக்கும் இஸ்தான்புல்லில் ஆண்ட ஒட்டோமன் சுல்தான்களுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளரையே அவர் ஆராய்ந்தார். 'திரகோமான்' என்பது அவர்தம் பதவிப் பெயர். 'தர்ஜுமான்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. நம் கச்சேரிகளில் முன்னாளில் துவிபாஷக முதலியார் இருந்தாரல்லவா? ஏறக்குறைய அத்தொழில், ஆயின் ஆபத்து மிகுந்தது.

தன் இளைஞரை இஸ்தான்புல்லிலுள்ள தூதர் மனைக்கு அனுப்பித் துருக்கி மொழி பயிற்றுவிக்க 1551 இல் வெனிஸ் ஏற்பாடு செய்தது. பிறரை நம்புவதிலும் சொந்தப் பிள்ளைகளை நம்புவது மேலன்றோ? நடந்ததோ வேறு. அந்நகரின் பேரா என்னும் பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே தொழிலைக் கைக்கொண்டன. தந்தைக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன் என்று அஃது அவர்களுக்கு முதுசமாயிற்று. சுல்தானின் மண்ணில் பிறந்து, வெனிஸின் ஊதியம் பெற்று, இருவர்க்கும் வேண்டியவராய், இருவராலும் ஐயுறப்பட்டவராய் வாழ்ந்தனர். கிரீட் தீவுக்கான போர் மூண்டிருந்த 1649 இல், கிரில்லோ என்னும் மொழிபெயர்ப்பாளர் அரசாணையால் கொல்லப்பட்டார். வெனிஸ் தூதரோ சிறைவாசத்தோடு தப்பினார்.

இவர்களை இரு கரைகளை இணைத்த பாலம் என்று புகழ்வது எளிது. றொத்மன் அதனை ஒப்பவில்லை. 'துருக்கியர் இத்தகையர், அவர் வழக்கம் இது' என்று ஐரோப்பியர்க்கு எழுதி எழுதி, அக்கரை எதுவென்றே வரைந்து காட்டியவர் இவ்விடைநின்றோர் என்பது அவர் துணிபு. ஐரோப்பாவின் கீழைத்தேயக் கல்வி இவர்கள் உழைப்பில் எத்துணை வேரூன்றியது என்பதை 2021 இல் வெளிவந்த அவரது இரண்டாம் நூல் விரித்துரைக்கின்றது.

இத்துணிபு மிகையென்பாரும் இருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அவர் தேடிய சான்று. மன்னர் முத்திரை பதித்த ஏடுகளோடு நில்லாமல், வெனிஸ் சுவடிச்சாலையில் கிடந்த விண்ணப்பங்களையும் குடும்ப உறவுகளையும் துருவினார். தன் குடும்பம் எத்தனை தலைமுறை உழைத்தது, பிள்ளைகள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு போதாது என்று மன்றாடும் குரல்கள் அத்தாள்களில் கேட்கின்றன.