ஏரிப்படகும் கடல்நீரும்

ஏரியில் மிதக்கும் படகு கடலிலும் மிதக்குமே என நாம் எண்ணிவிடுகிறோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், 1950-களின் தொடக்கத்தில், அம்புரோஸ் வீரஸ் என்பவர் எஃகுப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, மேலே மரத்தளம் அமைத்தார். இன்று அலுமினிய உருளைகள் தாங்கும் ‘பாண்டூன்’ படகு அமைதியான ஏரிக்கென அவ்வாறு உருவானதே.

லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர், வேற்று உலோகம் தொடுமிடத்தில் அலுமினியத்தை அரிக்கும். அவ்வரிப்பைத் தானேற்று உருளைகளைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவோம்; நன்னீருக்குரிய மக்னீசியக் கட்டிகள் கடலில் விரைவில் கரைந்துவிடும். கரை சேர்ந்ததும் நன்னீரால் படகைக் கழுவுவோம்.

அதனினும் பெரிது உயிர். தாழ்ந்த முகப்பு பேரலையில் அமிழ்ந்து, தளத்தில் நீர் புகும். ஆகவே அனைவரும் மிதவை அங்கி அணிந்து, காற்றடங்கிய வேளையில் விரிகுடாவின் மறைவிலேயே செல்வோம். காற்று எழுந்தால் தயங்காது திரும்புவோம். குழந்தைகள் அமர்ந்துள்ள படகில், திரும்பத் தெரிவதே திறமை.